ஹார்மனியும் கவுண்டர்பொயின்ட்டும்: கர்நாடக சங்கீதக் காதோடு கொழும்பில் இசைப் பட்டம் படிப்பவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் என்னிடம் படிக்க வருகிறவர்களில் பெரும்பாலானோர் முதன்முதலாக எனக்குத் தொலைபேசி எடுப்பது, பல்கலைக்கழகத்தில் முதலாவது ஹார்மனி (பல குரல்களைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் பாடம்) ஒப்படை சிவப்பு மையோடு திரும்பி வந்த நாளில்தான். "மிஸ், கீபோர்டில வாசிச்சுப் பார்த்தா நல்லாத்தான் கேக்குது. பிறகேன் இத்தனை பிழை?" என்பார்கள். இதே கேள்வியோடு நானும் ஒரு காலத்தில் நின்றிருக்கிறேன். பத்து வருடம் வாய்ப்பாட்டுப் படித்து, வர்ணமும் கீர்த்தனையும் மேடையில் பாடிவிட்டு, பட்டப்படிப்பில் மேலைத்தேய சங்கீதத்தை எடுத்தவள் நான். என் முதல் தாளில் எட்டு பாருக்குள் (தாளக் கட்டங்களுக்குள்) ஐந்து இடத்தில் ஒரே பிழை. எல்லாம் பரலல் ஃபிஃப்த், அதாவது ஸ-ப போன்ற இடைவெளியில் நிற்கும் இரண்டு குரல்கள் அதே இடைவெளியோடு சேர்ந்து நகர்வது. அது ஏன் பிழை என்று என் காதுக்குப் புரிகிற விதத்தில் அன்று எவரும் சொல்லவில்லை. விதியை மட்டும் கொப்பியில் எழுதித் தந்தார்கள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. அதை உங்களுக்கு மிச்சப்படுத்தித் தரத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு பழக்கம் இருக்கிறது: தாளில் எழுதும் ஒவ்வொரு குரலையும் தனித்தனியே ஸ்வரம் சொல்லி வாயால் பாடுவது. சங்கீதம் படித்த தமிழ்ப் பிள்ளைக்கு அது ஏற்கெனவே கைவந்த வித்தை. அதை ஹார்மனி வகுப்புக்குள் கொண்டுபோகலாம் என்று யாரும் சொல்லாததுதான் குறை.

சேருவதற்கு முன்

கொழும்பு 7இல் உள்ள கட்புல அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் 2005இல் தனிப் பல்கலைக்கழகமானது. அதற்கு முன் அது களனிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த நிறுவகமாக இருந்தது. உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. பாடவிதானமும் அனுமதி விதிகளும் அவ்வப்போது மாறும் என்பதால், அந்தந்த வருடத்தின் கைந்நூலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே உங்களிடம் எதிர்பார்ப்பது இவைதான்: ட்ரெபிள், பேஸ் ஆகிய இரண்டு க்ளெஃபையும் தடக்காமல் வாசிப்பது, எல்லா மேஜர், மைனர் ஸ்கேல்களின் கீ சிக்னேச்சரும் தெரிந்திருப்பது, எந்த இரண்டு ஸ்வரத்துக்கும் இடைவெளி சொல்வது. ரோயல் ஸ்கூல்ஸ் (ஏ.பி.ஆர்.எஸ்.எம்.) இசைப் பரீட்சைகளில் 6ஆம் தரச் செயன்முறைக்குப் போக முன் 5ஆம் தரத் தியரி கேட்பார்களே, ஏறக்குறைய அந்த அளவு. அது இல்லாமல் வகுப்புக்குள் போனால், கோர்ட்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வர அடுக்கை) பற்றி யோசிக்க வேண்டிய நேரமெல்லாம் பேஸ் க்ளெஃபில் கோடு எண்ணுவதிலேயே போய்விடும். உயர்தரம் முடிந்து காத்திருக்கும் மாதங்களில் இதைச் செய்து முடியுங்கள். ஒரு ஸ்டேவ் கொப்பி, எச்.பி. பென்சில், நல்ல அழிறப்பர், ஒரு கீபோர்ட் போதும். பியானோ வாங்க வேண்டியதில்லை. கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்றும் ஈரமும் பியானோவைச் சுருதியில் நிற்கவிடாது.

பாட நூல்கள் விலை கூடியவை. ஆனால் நீங்கள் ஆராய வேண்டிய பழைய இசைக் குறிப்புகள் காப்புரிமை முடிந்தவை. ஐ.எம்.எஸ்.எல்.பி. இணையத்தளத்தில் அவை இலவசமாகக் கிடைக்கும். எழுதியதை வாசித்துக் காட்ட மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதைப் பாவியுங்கள், ஆனால் முதல் ஆறு மாதம் பென்சிலால் எழுதி, பாடிப் பார்த்த பிறகு மட்டும்.

காதைக் கீழே இறக்குங்கள்

எங்கள் காது மேலே வளர்ந்த காது. பாடகரின் குரல், அதை நிழல்போலத் தொடரும் வயலின், பின்னால் அசையாத சுருதி. கீழே ஒரு வரி தன்பாட்டுக்கு நடந்து போகிறது என்ற அனுபவம் எங்கள் பயிற்சியில் இல்லை. ஹார்மனியின் பாதி அந்தக் கீழ் வரியில்தான் இருக்கிறது. அதனால் முதல் பயிற்சி எழுத்தில் தொடங்காது.

காலையிலும் பின்னேரமும் எங்கள் ஒழுங்கைக்குள் பாண் ஆட்டோ வரும். அது வாசித்துக்கொண்டு வருவது பீத்தோவனின் ஒரு சிறு பியானோ மெட்டு. கொழும்பில் குழந்தைகளுக்குக்கூட அது மனப்பாடம். ஏ என்ற ஸ்வரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டு அதன் தொடக்கத்தைப் பாடுங்கள்: ப ம ப ம ப ரி ம க ஸ. முதலில் வரும் மத்திமங்கள் இரண்டும் பிரதி மத்திமம், மூன்றாவதாக வருவது சுத்த மத்திமம். ஒரே வரியில் இரண்டு மத்திமம். பஞ்சமத்தை அழுத்திக் காட்டத்தான் அந்தப் பிரதி மத்திமம் பக்கத்தில் வந்து நிற்கிறது. இனி, ஆட்டோவில் கேட்காத கீழ்க் குரலை நீங்கள் பாடுங்கள்: மெட்டு ஷட்ஜத்தில் வந்து இறங்கும்போது கீழே ஸ, அடுத்த துணுக்கில் கீழே ப, திரும்பவும் ஸ. மூன்றே ஸ்வரம். ஒருவர் மேலே பாட மற்றவர் கீழே பாடினால் வீட்டுக்குள்ளேயே ஹார்மனி வகுப்பு தொடங்கிவிட்டது.

அடுத்ததாக பைலா. கலியாண வீட்டில் எல்லோரும் ஆடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பேஸ் கிட்டாரை மட்டும் கேளுங்கள். பெரும்பாலான பைலாப் பாட்டுகள் ஒன்று, நான்கு, ஐந்து ஆகிய மூன்று கோர்ட்டுகளுக்குள்ளேயே சுற்றும். எப்போது மாறுகிறது என்று விரலால் தட்டிக் காட்டப் பழகுங்கள். இளையராஜாவின் பாடல்களைக் கேட்கிறவர்களுக்கு இன்னொரு பயிற்சி: பாடகரின் வரியை மறந்துவிட்டு பேஸ் கிட்டார் வாசிப்பதை முதலிலிருந்து கடைசிவரை பாட முயலுங்கள். பல இடங்களில் அது தனியே ஒரு பாட்டாக நிற்கும். கவுண்டர்பொயின்ட் (ஒன்றோடொன்று பொருந்தி நடக்கும் தனித்தனி வரிகள்) என்பதற்கு இதைவிட நல்ல முன்னுரை எனக்குத் தெரியாது.

முடிந்தால் ஒரு கொயரில் சேருங்கள். சமயம் எதுவாக இருந்தாலும் கொழும்புத் தேவாலயங்களில் கரோல் காலத்துக்கு முன் குரல்கள் தேடுவார்கள். மெட்டுப் பாடும் சொப்ரானோவில் நிற்காமல் ஆல்ட்டோவிலோ டெனரிலோ நில்லுங்கள். நடுக் குரலில் நின்று பாடிய ஒருவருக்கு, நடுக் குரல் எழுதுவது எப்படி என்று பிறகு அதிகம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஸ்வரத்திலிருந்து கோர்ட்டுக்கு

மேஜர் ஸ்கேல் என்பது தீரசங்கராபரணத்தின் ஸ்வரங்கள், 29ஆவது மேளம். இயற்கை மைனர் நடபைரவி, ஹார்மோனிக் மைனர் கீரவாணி. ஸ்வரங்கள் ஒன்று என்பதால் ராகம் ஒன்று என்று எண்ணிவிடாதீர்கள். கமகம் இல்லாத, பிடி இல்லாத வெறும் படிக்கட்டைத்தான் இங்கே பாவிக்கிறோம். பாடும்போதும் நேராக, அசைக்காமல் பாடுங்கள். முக்கியமாக நிஷாதத்தை.

ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று ஸ்வரத்தை அடுக்கினால் கோர்ட். ஸ-க-ப ஒன்றாவது, ம-த-ஸ நான்காவது, ப-நி-ரி ஐந்தாவது. இவை மூன்றும் மேஜர். 2, 3, 6 மைனர். 7 டிமினிஷ்ட். முதல் கோர்ட் எங்களுக்குப் புதிதல்ல. ப-ஸ-ஸ-ஸ என்று சுருதி சேர்த்த தம்புராவை அமைதியான அறையில் கேளுங்கள். யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் உள்ளிருந்து தானாகக் கேட்கும். ஸ, க, ப மூன்றும் அங்கே ஏற்கெனவே ஒலிக்கின்றன. தந்தியின் மேலொலிகள் செய்யும் வேலை அது.

இப்போது ஒரு கேள்வியை மறுபக்கத்திலிருந்து கேளுங்கள்: மெட்டில் 'த' வந்தால் கீழே எந்தக் கோர்ட் வரலாம்? நான்கு, ஆறு, இரண்டு. 'ரி' வந்தால்? ஐந்து, இரண்டு. 'நி' வந்தால் அனேகமாக ஐந்து. இந்த அட்டவணையை நீங்களே ஒரு பக்கத்தில் எழுதி, ஒரு வாரத்துக்குள் பார்க்காமல் சொல்லப் பழகுங்கள். மைனரில் ஒரு எச்சரிக்கை: ஐந்தாவது கோர்ட்டில் வரும் நிஷாதத்தைக் காகலியாக உயர்த்த வேண்டும். நடபைரவி கீரவாணியாக மாறும் இடம் அதுதான். அந்த ஷார்ப்பைப் போட மறப்பது பரீட்சைத் தாள்களில் நான் மிக அதிகம் காணும் பிழை.

நான்கு பேருக்கு எழுதுவது

சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரல். சொப்ரானோ மத்திய சி-யிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை ஒக்டேவ் மேலே. ஆல்ட்டோ அதற்கு ஒரு ஃபோர்த் கீழிருந்து மேல் சி வரை. டெனர் மத்திய சி-க்கு ஒரு ஒக்டேவ் கீழிருந்து, மத்திய சி-க்கு மேலுள்ள ஜி வரை. பேஸ் கீழ் எஃப் அளவிலிருந்து மத்திய சி வரை. மேல் மூன்று குரல்களில் அடுத்தடுத்த இரண்டுக்கு இடையில் ஒரு ஒக்டேவுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. டெனருக்கும் பேஸுக்கும் இடையில் மட்டும் விடலாம்.

கோர்ட்டில் மூன்று ஸ்வரம், பாடுகிறவர்கள் நான்கு பேர். ஆகவே ஒரு ஸ்வரம் இரட்டிக்கும். முதலில் மூல ஸ்வரத்தை, அதாவது கோர்ட்டை அடுக்கத் தொடங்கிய ஸ்வரத்தை, இரட்டியுங்கள். ஐந்தாவது கோர்ட்டின் நிஷாதத்தை ஒருபோதும் இரட்டிக்காதீர்கள். அது ஷட்ஜத்துக்கு ஏறத் துடிக்கிற ஸ்வரம். இரண்டு பேர் அதைப் பிடித்து இருவரும் ஏறினால் பரலல் ஒக்டேவ் வந்துவிடும்.

இனி அந்த ஃபிஃப்த். இதில் கொஞ்சம் நின்று பேசவேண்டும்.

ஒன்றாவது கோர்ட்டிலிருந்து இரண்டாவது கோர்ட்டுக்குப் போகிறோம் என்று வையுங்கள். கீழிருந்து மேலாக ஸ-ப-க-ஸ. புதிதாகப் படிப்பவர் கையை அப்படியே ஒரு படி நகர்த்தி ரி-த-ம-ரி என்று எழுதுவார். கீபோர்டில் கை வசதியாகப் போகும், காதுக்கும் பிழையாகத் தெரியாது. ஆனால் பேஸும் டெனரும் ஸ-ப என்ற ஃபிஃப்த்திலிருந்து ரி-த என்ற ஃபிஃப்த்துக்குச் சேர்ந்து ஏறிவிட்டார்கள். பேஸும் சொப்ரானோவும் ஒக்டேவில் சேர்ந்து ஏறிவிட்டார்கள்.

ஃபிஃப்த்தின் அதிர்வு விகிதம் 3:2, ஒக்டேவ் 2:1. இவ்வளவு எளிய விகிதத்தில் இரண்டு ஒலிகள் சேர்ந்தால் அவை ஒன்றுக்குள் ஒன்று கரையும். கரைந்தபடியே சேர்ந்து நகர்ந்தால், கேட்பவருக்கு இரண்டு பேர் பாடுவதாகத் தெரியாது, ஒரு பெரிய குரல் நகர்வதாகத் தெரியும். நான்கு பேருக்கென்று எழுதத் தொடங்கிவிட்டு, திடீரென்று அந்த ஒரு இடத்தில் குரல் எண்ணிக்கை குறைந்துபோகிறது. பிழை என்பது இந்தக் குறைவைத்தான்.

எங்களுக்கு அது ஏன் கேட்பதில்லை? சின்ன வயதிலிருந்து ஸ-ப சேர்ந்து ஒலிப்பதை வீடாக எண்ணி வளர்ந்த காது எங்களுடையது. கோயிலில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவரைக் கேட்டும், வகுப்பில் தம்புராவைக் கேட்டும், அந்தச் சேர்க்கையில் அமைதி காணப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தில் குறை எதுவும் இல்லை. அங்கே அது அசையாமல் நிற்கிறது, இங்கே அது நடக்கத் தொடங்குகிறது. இந்த வேறுபாட்டை எனக்கு யாராவது முதல் வருடத்தில் சொல்லியிருந்தால் அந்த ஐந்து சிவப்பு வட்டங்களும் என்னை அவ்வளவு வருத்தியிராது.

திருத்துவது எளிது. பேஸ் ஏறினால் மற்ற மூவரையும் இறக்குங்கள். பேஸ் ஸ-ரி என்று ஏறட்டும், டெனர் ப-ம, ஆல்ட்டோ க-ரி, சொப்ரானோ ஸ-த என்று மூவரும் இறங்கட்டும். கோர்ட் முழுமையாக இருக்கிறது, எந்த இருவரும் ஃபிஃப்த்தில் ஒட்டிக்கொண்டு நகரவில்லை. இப்போது கீபோர்டை மூடிவிட்டு இரண்டு விதத்தையும் நான்கு பேராகப் பாடிப் பாருங்கள். நான்கு பேர் கிடைக்காவிட்டால் மூன்று குரலைத் தொலைபேசியில் பதிந்து, நான்காவதை மேலே பாடுங்கள். ஒரு மாதத்தில் உங்கள் காது அந்தப் பிழையைத் தானாகவே பிடிக்கத் தொடங்கும். என் மாணவர்கள் எல்லோருக்கும் இது நடந்திருக்கிறது.

ஒரு மெட்டுக்கு ஹார்மனி எழுதும் ஒழுங்கு

சொப்ரானோ மெட்டைத் தந்து மற்ற மூன்று குரலையும் எழுதச் சொல்வதுதான் வழக்கமான கேள்வி. இடமிருந்து வலமாக ஒவ்வொரு கோர்ட்டாக நிரப்பிக்கொண்டு போகிறவர்கள் நான்காவது பாரில் சிக்கிக்கொள்வார்கள். நான் சொல்லிக்கொடுக்கும் ஒழுங்கு வேறு.

முதலில் மெட்டை மூன்று தரம் ஸ்வரம் சொல்லிப் பாடுங்கள். மூச்சு எடுக்கும் இடங்களைக் குறியுங்கள். அந்த இடங்களில்தான் கேடன்ஸ், அதாவது வரியை நிறுத்தும் கோர்ட் சோடி, வரும்.

இரண்டாவதாக, கேடன்ஸ்களை மட்டும் எழுதுங்கள், கடைசியிலிருந்து தொடங்கி. 5-1 என்றால் பெர்ஃபெக்ட், முற்றுப்புள்ளி மாதிரி. 4-1 ப்ளேகல், தேவாலயத்தில் ஆமென் பாடும் ஓசை. ஐந்தில் போய் நின்றால் இம்பெர்ஃபெக்ட், காற்புள்ளி. ஐந்திலிருந்து ஒன்றை எதிர்பார்க்க வைத்துவிட்டு ஆறுக்குப் போனால் இன்டெரப்டெட். மெட்டு 'க ரி ஸ' என்று முடிந்தால் அதிர்ஷ்டம்தான். பேஸ் ப-ப-ஸ, டெனர் ப-ப-க, ஆல்ட்டோ ஸ-நி-ஸ. முதல் கோர்ட் ஒன்றாவதின் இரண்டாம் தலைகீழ் நிலை, அதாவது மூல ஸ்வரத்துக்குப் பதில் பஞ்சமம் பேஸில் நிற்பது. அது கனமான தட்டில் விழ வேண்டும், பேஸ் ஸ்வரம் இரட்டிக்க வேண்டும். கடைசிக் கோர்ட்டில் பஞ்சமம் இல்லையே என்று பயப்பட வேண்டாம். பஞ்சமம் இல்லாமல் முடிக்கலாம், காந்தாரம் இல்லாமல் முடிக்க முடியாது.

மூன்றாவது படி பேஸ் வரி. இதற்குத்தான் மிக அதிக நேரம் கொடுங்கள். சொப்ரானோ ஏறும்போது பேஸ் இறங்கட்டும், நிற்கும்போது நடக்கட்டும். கோர்ட்டின் மூல ஸ்வரத்தையே எப்போதும் பேஸில் வைத்தால் வரி கங்காரு மாதிரித் தாவும். முதலாம் தலைகீழ் நிலைகளை (அடுக்கின் நடு ஸ்வரம் பேஸில் வருவதை) கலந்தால் படிப்படியாக நடக்கும். சொப்ரானோவையும் பேஸையும் மட்டும் சேர்த்துப் பாடினால் நடுக் குரல் இல்லாமலே பாட்டு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் நடுக் குரலால் அதைக் காப்பாற்ற முடியாது.

பிறகு ஆல்ட்டோ, டெனர். அடுத்த கோர்ட்டிலும் அதே ஸ்வரம் இருந்தால் அதே குரலில் வைத்திருங்கள். இல்லாவிட்டால் கிட்டிய ஸ்வரத்துக்குப் போங்கள். ஐந்தாவது கோர்ட்டில் செவன்த் சேர்த்தால் அது மத்திமம். காகலி நிஷாதம் ஸ-வுக்கு ஏறும், மத்திமம் க-வுக்கு இறங்கும். இரண்டையும் நேராகப் பாடினால் எங்கே போக ஆசைப்படுகின்றன என்று தொண்டையே சொல்லும்.

கடைசியாகச் சரிபார்ப்பு. நான்கு குரல் என்றால் ஆறு சோடி. பேஸ்-டெனர், பேஸ்-ஆல்ட்டோ, பேஸ்-சொப்ரானோ, டெனர்-ஆல்ட்டோ, டெனர்-சொப்ரானோ, ஆல்ட்டோ-சொப்ரானோ. ஒவ்வொரு சோடியிலும் ஃபிஃப்த்தும் ஒக்டேவும் வரும் இடத்தை மட்டும் தேடி, அடுத்த கோர்ட்டில் அதே இடைவெளி திரும்ப வருகிறதா என்று பாருங்கள். பதினாறு பார் கொண்ட பயிற்சிக்குப் பழகிய கண்ணுக்குச் சில நிமிடம் போதும்.

யோஹான் செபாஸ்டியன் பாக் ஹார்மனி எழுதிய தேவாலயக் கோரல்கள் 371 கொண்ட தொகுப்பு ஒன்று உண்டு, அவர் இறந்த பிறகு 1780களில் வெளிவந்தது. கிழமைக்கு ஒரு கோரல் எடுங்கள். சொப்ரானோவையும் பேஸையும் மட்டும் கொப்பியில் பிரதி செய்து, நடுக் குரல்களை நீங்களே எழுதி, பிறகு பாக் எழுதியதோடு ஒப்பிடுங்கள். அவர் உங்களைவிட எளிய வழியில் போயிருக்கும் இடங்களைக் குறித்து வையுங்கள். எனக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடைத்ததில்லை.

கவுண்டர்பொயின்ட்: இரண்டு வரி, இரண்டு உயிர்

ஹார்மனி மேலிருந்து கீழாகப் பார்ப்பது என்றும் கவுண்டர்பொயின்ட் இடமிருந்து வலமாகப் பார்ப்பது என்றும் சொல்வார்கள். பாடிப் படிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் பயிற்சி முறை வேறு.

இப்போதும் உலகெங்கும் பாவிக்கப்படும் முறை 1725இல் வியன்னாவில் யோஹான் யோசஃப் ஃபூக்ஸ் லத்தீனில் வெளியிட்ட நூலிலிருந்து வருவது. குருவும் சீடனும் பேசிக்கொள்வதுபோல எழுதப்பட்டது. குருவின் பாத்திரத்தில் அவர் நினைத்தது 1594இல் இறந்த பலஸ்த்ரீனாவை. ஹைடன் அதை வைத்துத் தானே படித்தார், பிறகு பீத்தோவனுக்கு அதிலிருந்து பயிற்சி கொடுத்தார். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று நாங்கள் ஏறி வந்ததுபோல இதிலும் ஐந்து படிகள். ஸ்பீசிஸ் என்று சொல்வார்கள். வரிசை படித்துப் பழகியவருக்கு இந்தப் பொறுமை புதிதல்ல.

கான்டஸ் ஃபர்மஸ் என்ற நிலையான வரி ஒன்றைத் தருவார்கள். ஃபூக்ஸின் முதலாவது வரியை எங்கள் ஸ்வரத்தில் எழுதினால் இப்படி வரும்: ஸ க ரி ஸ ம க ப ம க ரி ஸ. டோரியன் மோடில் இருக்கிறது, அதாவது கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள்.

முதலாம் ஸ்பீசிஸ்: ஒரு ஸ்வரத்துக்கு ஒரு ஸ்வரம். மேலே நான் எழுதிய வரி ஒன்று: ஸ ப நி த த ஸ நி ரி ஸ நி ஸ. இதில் ஸ, ரி எல்லாம் தார ஸ்தாயி. ப, நி, த மத்திய ஸ்தாயி. முதல் இரண்டு நிஷாதமும் கைசிகி, முடிவுக்கு முன் வருவது காகலி. இடைவெளிகளை எண்ணிப் பாருங்கள்: இரண்டு முனையிலும் ஒக்டேவ், நடுவில் மூன்று தேர்ட், ஆறு சிக்ஸ்த். ஃபிஃப்த் ஒன்றுகூட இல்லை. ஃபிஃப்த் வரலாம், ஆனால் இரு குரலும் எதிர்த் திசையில் நடந்து அதை அடைய வேண்டும். உச்ச ஸ்வரமான ரி ஒரே ஒரு தரம்தான் வருகிறது. ஒரு வரிக்கு ஒரு சிகரம் போதும். தாவினால் அடுத்து திரும்பி நடக்க வேண்டும்: ஸ-விலிருந்து ப-வுக்குத் தாவிய உடனே வரி மேலே திரும்புகிறது. கடைசிக்கு முன் மூன்று சிக்ஸ்த் அடுத்தடுத்து வருகின்றன, அதுதான் எல்லை. நான்காவது வந்தால் இரண்டாவது குரல் முதலாவதின் நிழலாகிவிடும்.

இதை உங்கள் நண்பரோடு பாடுங்கள். பிறகு இடம் மாறிப் பாடுங்கள். அதன்பின் நீங்களே பத்து வரி எழுதுங்கள். நான் பத்து என்றுதான் சொல்கிறேன், ஒன்றிரண்டு போதாது.

இரண்டாம் ஸ்பீசிஸில் ஒன்றுக்கு இரண்டு, மூன்றாமதில் ஒன்றுக்கு நான்கு. மெலிந்த தட்டில் பொருந்தாத ஸ்வரம் கடந்து போகலாம், படியில் வந்து படியில் போனால். இந்த இரண்டிலும் அதிகம் தங்க வேண்டாம், இரண்டு கிழமை போதும்.

நான்காம் ஸ்பீசிஸில் தங்குங்கள். சஸ்பென்ஷன் இங்கே வருகிறது. எனக்கு மேலைத்தேய சங்கீதத்தின் மேல் உண்மையான அன்பு வந்தது இந்த ஒரு இடத்தில்தான். மேலே சொன்ன வரியின் முடிவையே எடுங்கள். கீழ்க் குரல் க, ரி, ஸ என்று இறங்குகிறது. மேல் குரல் க-வுக்கு மேல் ஸ பாடிக்கொண்டிருக்கிறது, பொருத்தமாக இருக்கிறது. இதுதான் தயாரிப்பு. கீழே ரி வந்துவிட்டது, மேலே ஸ இன்னும் நகரவில்லை. இப்போது இரண்டுக்கும் இடையில் செவன்த், உரசல். பிறகு மேல் குரல் தாமதமாக, ஒரே ஒரு படி, காகலி நிஷாதத்துக்கு இறங்குகிறது. செவன்த் சிக்ஸ்த்தாகிறது. அடுத்து இரண்டும் ஷட்ஜத்தில் சேருகின்றன. பிரிய மனமில்லாமல் வாசலில் நிற்கும் ஒருவர் மாதிரி அந்த ஸ. மேல் குரலில் 7-6, 4-3 வரலாம். கீழ்க் குரல் தாமதித்தால் 2-3. எதுவானாலும் தயாரிப்பு பொருத்தமாக இருக்க வேண்டும், தீர்வு படியாக இறங்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரு நாளும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஐந்தாமது எல்லாவற்றின் கலவை. முதல் நான்கும் நன்றாக வந்திருந்தால் இது தானாக வரும்.

ஷட்ஜம் நகரும்போது

மொடுலேஷன் (பாட்டின் நடுவே ஷட்ஜத்தை மாற்றுவது) என்றதும் எங்கள் பிள்ளைகள் மிரள்வது நியாயம். கச்சேரி முழுவதும் ஒரே ஷட்ஜத்தில் இருந்தவர்களுக்கு அது தரை நகர்வது போல. ஆனால் கிரகபேதம் தெரிந்தவர்களுக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. சங்கராபரணத்தின் ஸ்வரங்களை மாற்றாமல் பஞ்சமத்தை ஷட்ஜமாக எண்ணிப் பாடினால் ஹரிகாம்போஜி கிடைக்கும். மொடுலேஷனில் பஞ்சமத்துக்குப் போன பிறகும் மேஜராகவே, அதாவது சங்கராபரணமாகவே, இருக்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு ஸ்வரம் மாற வேண்டும்: பழைய சுத்த மத்திமம் பிரதி மத்திமமாகும். அது புதிய ஷட்ஜத்துக்குக் காகலி நிஷாதம். சி மேஜரிலிருந்து ஜி மேஜருக்குப் போகையில் எஃப் ஷார்ப் வருவது இதனால்தான்.

பாலமாக ஒரு பொதுக் கோர்ட்டைத் தேடுங்கள். சி-யில் ஆறாவதான ஏ மைனர், ஜி-யில் இரண்டாவது. அதன் மேல் நின்று பழைய ஷட்ஜத்தை மறந்து புதியதைப் பாடிவிட்டு எழுதுங்கள்.

நியாபொலிட்டன், ஓக்மென்டட் சிக்ஸ்த் முதலிய நிறக் கோர்ட்டுகள் பிறகு வரும். அவை பெயரால் பயமுறுத்தும், உள்ளே அதே குரல் நடைதான். ஒவ்வொன்றும் ஐந்தாவது கோர்ட்டுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்று மட்டும் பாடிப் பழகுங்கள்.

இன்வென்ஷனும் ஃபியூக்கும்

மேல் குரலும் கீழ்க் குரலும் இடம் மாறினாலும் பொருந்தும்படி எழுதுவது அடுத்த படி. ஒக்டேவில் திருப்பினால் இடைவெளிகள் ஒன்பதுக்குக் கூட்டும்: தேர்ட் சிக்ஸ்த்தாகும், ஃபிஃப்த் ஃபோர்த்தாகும். ஃபோர்த் இரண்டு குரலில் பொருந்தாது, ஆகவே ஃபிஃப்த்தை அழுத்தமான இடத்தில் வைக்காமல் எழுதுங்கள். பாக் எழுதிய இரு குரல் இன்வென்ஷன்கள், அதாவது ஒரு சிறு துணுக்கை இரண்டு குரலிலும் வளர்க்கும் கீபோர்ட் துண்டுகள், 15. முதலாவதை எடுத்து, தொடக்கத் துணுக்கு எத்தனை இடத்தில், எந்தக் குரலில், நேராகவா தலைகீழாகவா வருகிறது என்று வண்ணப் பென்சிலால் குறியுங்கள். ஃபியூக் (ஒரே துணுக்கோடு குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழையும் அமைப்பு) எழுதச் சொல்லும் வருடத்தில் அந்தத் தாள் உங்களுக்கு உதவும். 1722இல் அவர் முடித்த 'வெல்-டெம்பர்ட் கிளேவியர்' முதலாவது தொகுதியின் 24 ஃபியூக்குகளில் சி மைனர் ஃபியூக்கை முதலில் ஆராயுங்கள். மூன்று குரல், தெளிவான அமைப்பு.

கிழமையும் பரீட்சையும்

நாளுக்கு நாற்பது நிமிடம், கிழமைக்கு ஆறு நாள். முதல் பத்து நிமிடம் பாடுவது, அடுத்த இருபது எழுதுவது, கடைசிப் பத்து எழுதியதைப் பாடுவது. சனிக்கிழமை இரவு மூன்று மணித்தியாலம் குந்தியிருந்து முடிக்கும் ஒப்படைகளில் காது வேலை செய்வதில்லை, விரல் மட்டும்தான். மாதத்தில் ஒரு நாளாவது நேரடி நிகழ்ச்சிக்குப் போங்கள். 1958இல் தொடங்கிய இலங்கை சிம்பொனி ஒர்கெஸ்ட்ரா இன்னும் வாசிக்கிறது, கில்ட்ஃபோர்ட் கிரசன்ட்டில் லயனல் வென்ட் அரங்கு இருக்கிறது. அந்த அரங்குக்குப் பெயர் தந்தவரே ஒரு பியானோக் கலைஞர். போனால் செல்லோவும் டபுள் பேஸும் இருக்கும் பக்கம் கண்ணை வைத்திருங்கள்.

பரீட்சை மண்டபத்தில் வாய்விட்டுப் பாட முடியாது. அதனால்தான் கடைசி இரண்டு மாதத்தில் மனத்துக்குள் பாடப் பழக வேண்டும். வாயை மூடி, விரலால் தொடையில் தாளம் போட்டு, ஒவ்வொரு குரலையும் ஸ்வரமாக உள்ளே கேளுங்கள். வினாத்தாள் கையில் வந்ததும் கீ எது என்று எழுதுங்கள். மைனர் என்றால் உயர்த்த வேண்டிய நிஷாதத்தை மேல் ஓரத்தில் பெரிதாகக் குறியுங்கள். கேடன்ஸ், பேஸ், நடுக் குரல், ஆறு சோடி என்ற அதே ஒழுங்கில் போங்கள். நேரம் போதாவிட்டால் நடுக் குரலில் இரண்டு பார் வெறுமையாக இருக்கட்டும். பேஸ் வரி மட்டும் கடைசிப் பார் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

பெறுபேறு வரும் வரை காத்திருக்கும் கிழமைகளில், நீங்கள் எழுதியவற்றில் பிடித்த ஒரு கோரலை எடுத்து நான்கு பேருக்குப் பிரதி செய்து கொடுங்கள். தெரிந்த கொயரிலோ வீட்டு முன்னறையிலோ பாட வையுங்கள். டெனர் பாடுகிறவர் ஒரே இடத்தில் இரண்டு தரம் தடுமாறினால், அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, வீட்டுக்கு வந்து அந்தப் பாரைத் திரும்ப எழுதுங்கள்.